மூடாக்கு: உப்புத் தண்ணி ஊருக்கு ஒரு கணக்கு

திருப்பூர் வீடுகளில் பெரும்பாலும் ரெண்டு குழாய் இருக்கும். ஒண்ணு நல்ல தண்ணி, இன்னொண்ணு உப்புத் தண்ணி. நல்ல தண்ணி சில நாளைக்கு ஒரு தடவைதான் வரும், அது குடிக்க, சமைக்க. செடிக்குப் போவது போர் தண்ணி, அதாவது உப்புத் தண்ணி. மூடாக்கைப் பற்றி நமக்குப் படிக்கக் கிடைப்பவை பெரும்பாலும் ஈரம் காக்கும், களை வராது, மண்புழு வரும் என்று மூன்றைச் சொல்லி முடித்துவிடும். மூன்றும் சரிதான். நம்ம ஊருக்கு நாலாவதாக உப்பு என்று ஒன்று இருக்கிறது. மூடாக்குக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு நான் போட்ட குறிப்புகள் எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து நின்றன. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

உப்புக் கணக்கு

போர் தண்ணியின் டி.டி.எஸ். 1500 என்று வைத்துக்கொள்வோம். எங்க பக்கம் இது பெரிய எண் ஒன்றும் இல்லை. சின்ன மீட்டர் ஒன்று வாங்கினால் உங்க வீட்டுத் தண்ணியை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். 1500 என்றால் ஒரு லிட்டரில் 1500 மில்லிகிராம், அதாவது ஒன்றரை கிராம் உப்பு கரைந்திருக்கிறது. 10 சதுர மீட்டர் பாத்திக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர் ஊற்றுகிறோம். உப்பு 75 கிராம். மழை நாட்களைக் கழித்து வருசத்துக்கு 300 நாள் என்றால் 22.5 கிலோ.

இன்னொரு தடவை படியுங்க. ரெண்டு கட்டில் போடுற அளவு இடத்தில், ஒரு வருசத்தில், இருபது கிலோவுக்கு மேல் உப்பு. தண்ணி ஆவியாகிப் போகும், செடி குடித்துவிடும். உப்பில் பெரும்பகுதி மண்ணிலேயே இருக்கும். அதைக் கழுவி கீழே தள்ளக்கூடியது மழைத்தண்ணி ஒன்றுதான். திருப்பூர் மாவட்டத்தில் வருச மழையே 600 மி.மீ. சொச்சம்.

இந்த உப்பில் ஒரு பங்கு நிலத்தடிப் பாறையிலிருந்து இயற்கையாக வருவது. இன்னொரு பங்கு எங்கிருந்து வந்தது என்று இந்த ஊர்க்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டும் என்றால் சாயத் தொட்டியில் லிட்டருக்குப் பத்துக்கணக்கான கிராம் உப்பு போட வேண்டும். சாயம் துணியில் ஏறிவிடும், உப்பு ஏறாது. அது அப்படியே கழிவுத் தண்ணியோடு வெளியே வரும். நொய்யலில் 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்குகிற குட்டையாக மாறியது இந்த வழியில்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகுதான் கழிவை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் நிலத்துக்குள் ஏற்கெனவே இறங்கிய உப்பு நிதானமாகத்தான் வெளியேறும்.

இப்போ மூடாக்குக்கு வருவோம். மூடாக்கு உப்பை எடுக்காது. அது ரெண்டு வேலை செய்யும். ஒன்று, ஊற்ற வேண்டிய தண்ணி குறையும், அதோடு வந்து சேருகிற உப்பும் குறையும். மேலே சொன்ன பாத்திக்கு மூன்றில் ஒரு பங்கு தண்ணி மிச்சமானால் வருசத்துக்கு ஏழரை கிலோ உப்பு உள்ளே வரவில்லை என்று அர்த்தம். இரண்டு, மேல்மண்ணில் ஆவியாதல் குறைவதால் கீழே உள்ள உப்பு மேலே ஏறி வந்து படிவது குறையும். தொட்டி விளிம்பிலும் பாத்தி மேட்டிலும் வெள்ளையாகப் பூத்து நிற்கிறதே, அது இப்படி ஏறி வந்த உப்புதான். விதை முளைக்கிற இடமும் அந்த மேல் ரெண்டு விரல்கடை மண்தான்.

ஈரம் எப்படிப் போகிறது

மண்ணிலிருந்து ஈரம் போவது ரெண்டு கட்டமாக நடக்கும். தண்ணி ஊற்றினவுடன் மேல்மண் நனைந்திருக்கும். அப்போது வெயிலும் காற்றும் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவும் போகும், கிட்டத்தட்ட திறந்து வைத்த அண்டாவில் இருந்து போகிற மாதிரி. மேல்மண் காய்ந்ததும் இரண்டாம் கட்டம். இப்போ காய்ந்த மண்ணே ஒரு மூடி மாதிரி நிற்கும், கீழே இருக்கிற ஈரம் மெதுவாகத்தான் கசியும். மழை பெய்த பின் புழுதி உழவு ஓட்டுகிறார்களே, அதன் தத்துவம் இதுதான். மேலே உதிரிப் புழுதி ஒரு அடுக்கு இருந்தால் கீழே ஈரம் நிற்கும்.

மூடாக்கு முக்கியமாகத் தடுப்பது முதல் கட்டத்தை. அதனால் தினமும் கொஞ்சம் கொஞ்சம் தண்ணி விடுகிறவங்களுக்குத்தான் மூடாக்கால் லாபம் அதிகம். அவங்க மண் எப்போதும் முதல் கட்டத்திலேயே இருக்கும். வீட்டுத் தோட்டக்காரங்க பெரும்பாலும் அந்த ரகம்தான்.

நம்ம ஊரில் வெயிலைவிடப் பெரிய திருடன் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசியில் ஆரம்பித்து ஆடி முடிய அடிக்கிற காற்றுக்காகத்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலை நிற்கிறது. செடிக்கு மேலே ஓடுகிற காற்று ஈரப்பதத்தைச் சேர விடாமல் வழித்துக்கொண்டு போகும். மண்ணுக்கும் காற்றுக்கும் நடுவில் அசையாத காற்று ஒரு அடுக்கு வேண்டும். மூடாக்கின் வேலை அதுதான். ஆக, நல்ல மூடாக்குக்கு மூன்று குணம் வேண்டும்: உள்ளே இடைவெளி நிறைய இருக்கணும், மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே கொண்டுவரக் கூடாது, ஆடிக்காற்றில் பறக்கக் கூடாது.

பனியன் வேஸ்ட் போடலாமா?

திருப்பூரில் தோட்டம் வைத்திருப்பவர்கள் யாரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. கட்டிங் டேபிளில் விழுகிற துண்டு கண்ணுக்கு முன்னால் மூட்டை மூட்டையாகக் கிடக்கும்போது வைக்கோல் வாங்க ஏன் அலையணும்? எங்க அம்மாகூட, “பருத்தி தானே கண்ணு, மக்கிரும்” என்றார்கள். பருத்தி மக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. சுவிட்சர்லாந்தில் 2021-ல் ஒரு ஆராய்ச்சிக்காகப் பொதுமக்களிடம் வெள்ளைப் பருத்தி ஜட்டிகளைக் கொடுத்துத் தோட்டத்தில் புதைக்கச் சொன்னார்கள். எவ்வளவு மக்கியிருக்கிறது என்பதை வைத்து மண்ணின் உயிர்ப்பை அளப்பது நோக்கம். கனடா, ஆஸ்திரேலியாவிலும் இதே மாதிரி செய்திருக்கிறார்கள். உயிருள்ள மண்ணில் ரெண்டு மாதத்தில் துணி போய்விடும், இடுப்பு எலாஸ்டிக்கும் தையலும் மட்டும் மிஞ்சும்.

அந்த மிச்சத்தில்தான் விசயமே இருக்கிறது. இன்றைக்கு கட்டிங் வேஸ்ட் மூட்டையில் சுத்தப் பருத்தி மட்டும் வருவதில்லை. பாலியஸ்டர் கலந்தது, லைக்ரா கலந்தது எல்லாம் சேர்ந்தே வரும். பாலியஸ்டர் மக்காது. இழை இழையாகப் பிரிந்து மண்ணிலேயே தங்கிவிடும், பிறகு பொறுக்கி எடுக்கவும் முடியாது. பிரித்துப் பார்க்க எளிய வழி, இடுக்கியில் ஒரு துண்டைப் பிடித்து வெளியில் வைத்துக் கொளுத்துவது. பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசம், ஊதினால் பறக்கிற சாம்பல். பாலியஸ்டர் என்றால் உருகிச் சுருங்கும், கரும்புகை வரும், ஆறினதும் கெட்டியாக மணி மாதிரி ஒன்று நிற்கும். கலப்பு என்றால் ரெண்டும் தெரியும்.

சாயம்? ஆபத்தான பொருளாகச் சிதையக்கூடிய அஸோ சாயங்கள் பலவற்றை இந்தியா 1997-ல் தடை செய்தது. ஏற்றுமதித் துணியில் இதற்குச் சோதனையும் உண்டு. ஆனாலும் எந்தப் பட்டறைத் துணி என்று தெரியாத மூட்டையைக் கீரைப் பாத்தியில் கொட்ட எனக்கு மனசு வராது.

இதெல்லாம் சரியாக இருந்து, சுத்த வெள்ளைப் பருத்தியே கிடைத்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மண்பானை மேல் ஈரத்துணி சுற்றினால் தண்ணி ஏன் ஜில்லென்று ஆகிறது? துணி தண்ணியை இழுத்து, பரப்பி, ஆவியாக விடுகிறது. விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுகிற அதே வேலை. ஈர மண்ணைத் தொட்டுக்கொண்டு கிடக்கிற பனியன் துணியும் இதையேதான் செய்யும். வெயிலை மறைக்கும், களையை அமுக்கும். ஆனால் ஈரத்தைக் கீழே பூட்டி வைக்காமல் மேலே ஏற்றி அனுப்பும்.

இதை மூன்று வாளியில் பார்த்தேன். ஒரே மண், ஒரே எடை, மூன்றுக்கும் ஒரு லிட்டர் தண்ணி. ஒன்று வெறும் மண், ஒன்றின் மேல் பருத்தித் துண்டுகள், ஒன்றின் மேல் தேங்காய் மட்டையைக் கிழித்த துண்டுகள். மொட்டை மாடியில் வைத்து காலை மாலை எடை போட்டேன். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ என்பதால் எடை குறைந்தது அத்தனையும் போன தண்ணி. முதல் நாட்களில் துணி வாளிக்கும் வெறும் மண் வாளிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மட்டை வாளி மட்டும் நிதானமாக இறங்கியது. பார்சல் தராசு இருந்தால் நீங்களும் ஒரு வாரத்தில் செய்து பார்க்கலாம். உங்க மண், உங்க மாடி, உங்க காற்று. எண்களை என்னிடமிருந்து வாங்குவதைவிட அதுதான் நம்பகம்.

ஆக பனியன் வேஸ்ட் பற்றி என் முடிவு: நல்ல வெள்ளைத் துண்டுக்கு ஓ.இ. மில்லிலும் மெஷின் துடைக்கிற துணியாகவும் விலை இருக்கிறது, அது மறுபடி நூலாகட்டும். கலப்புத் துண்டு மண்ணுக்கு வேண்டவே வேண்டாம். சுத்தப் பருத்தி சும்மா கிடைத்தால் அடி அடுக்காக மட்டும் போட்டு, மேலே நாலு விரல்கடைக்கு மட்டையோ இலையோ மூடலாம். துணிக்கு மேலே உலர்ந்த, இடைவெளி உள்ள அடுக்கு வந்துவிட்டால் திரி அறுந்துவிடும்.

அடி அடுக்குக்குத் துணியைவிட நல்லது அட்டைப்பெட்டி. அதுவும் இந்த ஊரில் பஞ்சமில்லை. டேப், ஸ்டிக்கர், பின் எல்லாம் எடுத்துவிட்டு, நன்றாக நனைத்து, ஒன்றின் மேல் ஒன்று ஒரு சாண் ஏறுகிற மாதிரி விரித்தால் அருகும் மற்ற புல்லும் அடங்கும். கோரை மட்டும் குத்திக்கொண்டு வரும். அதற்குக் கிழங்கோடு தோண்டுவதைத் தவிர வழி கிடையாது.

நம்ம பக்கம் கிடைப்பவை

தேங்காய் மட்டை: காங்கேயம், உடுமலை, பொள்ளாச்சி சுற்றி இதற்குக் குறைவே இல்லை. மேலே சொன்ன மூன்று குணமும் உள்ள பொருள் இது. கனம் இருப்பதால் பறக்காது, மெதுவாக மக்கும், சாம்பல் சத்தும் கொடுக்கும். முழுதாகப் போட்டால் குப்புறக் கவிழ்த்துப் போடுங்க. நிமிர்த்தி வைத்தால் மழைத்தண்ணி தேங்கி டெங்குக் கொசு வளரும். அரிவாளால் ரெண்டு மூன்றாகப் பிளந்து போடுவது இன்னும் நல்லது.

தென்னை நார்க்கழிவு: நர்சரியில் கட்டியாக விற்கிறதே, அந்தத் தூள். எடையைப் போலப் பல மடங்கு தண்ணி பிடிக்கும் என்பதுதான் இதன் பெருமை. மூடாக்காக அதே குணம் குறை. சாரல் மழை முழுவதையும் தானே குடித்துவிடும், காய்ந்தால் காற்றில் பறக்கும். கழுவாத தூளில் அதற்கென்று தனி உப்பும் இருக்கும். கழுவி மக்க வைத்து மண்ணுக்குள் கலக்கலாம், மேலே போர்த்த வேண்டாம்.

வைக்கோல், சோளத்தட்டு: புத்தகங்களில் முதலிடம் இதற்குத்தான். ஃபுகுவோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’ படித்தவர்கள் எல்லோரும் வைக்கோலில்தான் ஆரம்பிப்பார்கள். ஆனால் நம்ம பக்கம் சோளத்தட்டு என்பது மாட்டுத் தீனி. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார்: “ஏனுங் தம்பி, மாடு திங்கறதக் கொண்டாந்து மண்ணுல போடறீங்களே, மாட்டுக்குப் போட்டா சாணியா வராதுங்ளா?” நியாயமான கேள்வி. மாடு மீத்துப் போட்ட தட்டு கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

வேப்பிலை, புங்க இலைச் சருகு: மாசி பங்குனியில் வேம்பும் புங்கனும் இலை கொட்டும். வெயில் ஏறுவதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னால், காசில்லாமல், வாசலுக்கே வந்து சேருகிற மூடாக்கு. தெருவில் கூட்டி எரிப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். சாக்கில் பிடித்து வைத்துக்கொள்ளுங்க. காற்றில் பறக்கும் என்பதால் மேலே நாலு மட்டையோ தென்னை ஓலையோ போட்டு அமுக்க வேண்டும்.

நிலக்கடலைத் தோல்: நல்ல பொருள், இடைவெளி உண்டு. காற்றுக்கு நிற்காது, எனவே தொட்டிகளுக்குச் சரி.

கிளிரிசிடியா, வேலியில் வெட்டிய பச்சைத் தழை: சீக்கிரம் மக்கிவிடும். இதைப் போர்வை என்பதைவிட உரம் என்றே சொல்லலாம்.

பிளாஸ்டிக் ஷீட்: காய்கறித் தோட்டங்களில் வெள்ளியும் கறுப்புமாக விரித்திருப்பார்கள். ஈரமும் களையும் கட்டுப்படும் என்பது உண்மை. வீட்டுப் பாத்தியில் ஒரு வருசத்தில் கிழிந்து தூளாகிவிடும். பாலியஸ்டர் துண்டுக்குச் சொன்னதுதான் இதற்கும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று: காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு. கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரம், தரை முழுவதும் கொழுக்கட்டைப் புல். மேய்ச்சலுக்காக வைத்தது. உழுவது அபூர்வம், மண் வெறுமையாக வெயில் பார்ப்பதும் அபூர்வம். இவ்வளவு வறண்ட இடத்தில் தலைமுறைகளாக மண்ணை நிறுத்தி வைத்திருப்பது அந்த உயிர் மூடாக்குதான். வீட்டில் பெரிய மரத்தடிகளுக்குத் தரையில் படர்கிற செடி ஒன்றை விட்டுவிடலாம் என்று எனக்குத் தோன்றியது கொறங்காட்டைப் பார்த்துத்தான்.

தழைச்சத்தை இழுத்துக்கொள்ளுமா?

மூடாக்கு போட்டால் செடி மஞ்சளாகிவிடும் என்ற பயம் நிறையப் பேருக்கு உண்டு. மக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்குச் சுமார் 25 பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து என்ற விகிதம் வசதியானது. வைக்கோலில் இது 80-ஐ ஒட்டி இருக்கும். மரத்தூளில் பல நூறு. பருத்தித் துணியில் தழைச்சத்து கிட்டத்தட்ட கிடையவே கிடையாது. பற்றாக்குறையை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். தென்னை நார்க்கழிவின் விகிதம் 112. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் முறையில் ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு மக்க வைத்து அதை 24-க்குக் கொண்டுவருவார்கள்.

கவனிக்க வேண்டியது, இந்த இழுபறி மூடாக்கும் மண்ணும் தொடுகிற இடத்தில் மட்டும்தான் நடக்கும். வேர் அதற்குக் கீழே இருக்கிறது. மேலே போர்த்தினால் பிரச்சினை இல்லை, கொத்தி மண்ணோடு கலந்தால் பிரச்சினை. பழைய மூடாக்கை மண்வெட்டியால் உள்ளே புரட்டிவிடுகிற பழக்கத்தை நிறுத்தினாலே போதும்.

எப்போது, எவ்வளவு, எங்கே

எப்போது: காய்ந்த மண் மேல் போர்த்தக் கூடாது. ஆடியில் விழுகிற 3, 4 மி.மீ. தூறல் மூடாக்கை நனைப்பதோடு நின்றுவிடும், மண் அப்படியே வறண்டு கிடக்கும். நன்றாக நனைந்த மண்ணைத்தான் மூட வேண்டும். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். அது முடிந்து மண் ஈரமாக இருக்கும்போது முதல் அடுக்கு, மாசிச் சருகு விழும்போது இரண்டாவது அடுக்கு.

எவ்வளவு: மட்டை, சருகு என்றால் நாலு விரல்கடை, அதாவது 7, 8 செ.மீ. தண்ணியை மூடாக்கின் மேலே ஊற்றாமல் சொட்டுநீர்க் குழாயை அடியில் ஓடவிட்டால் முழுப் பலன்.

எங்கே: செடித்தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. வீட்டுச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, ஏனென்றால் செம்மண்ணில் காய்ந்த பொருள் கண்ட இடத்தில் கரையான் வரும். விதைத்த கீரைப் பாத்தியில் முளைத்து வரும்வரை வேண்டாம். அடைமழை வாரங்களில் நத்தை சேர்ந்தால் ஒதுக்கிவிடுங்க. மட்டைக்கடியில் பூரானும் தேளும் இருக்கும், வெறுங்கையால் தூக்காதீங்க. குழந்தைகள் விளையாடுகிற மூலையில் சருகு மட்டும் போதும்.

கடைசியாக உப்பு. மூடாக்கு உப்பு வருவதைக் குறைக்கும், ஏற்கெனவே உள்ளதைக் கழுவுவது மழை என்று மேலே சொன்னேன். அதற்கும் கணக்கு உண்டு. 100 சதுர மீட்டர் மாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் 1000 லிட்டர். உப்பே இல்லாத தண்ணி என்று சொல்லலாம். அது இப்போ பைப் வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போகிறது. அதைத் திருப்பி 10 சதுர மீட்டர் பாத்தியில் விட்டால் அந்தப் பாத்திக்கு மட்டும் 100 மி.மீ. மழை கூடுதலாகப் பெய்த மாதிரி. மட்டை மூடாக்கு இருந்தால் மேல்மண் அடித்து இறுகாது, அவ்வளவு தண்ணியும் உள்ளே இறங்கி உப்பை வேருக்குக் கீழே தள்ளும்.

ஐப்பசிக்கு முன்னால் செய்ய வேண்டியது மாடி பைப்புக்கு ஒரு எல்போவும் பத்தடிக் குழாயும். மழைக்கு முன்னால் ஒரு தடவை, மழைக்குப் பின்னால் ஒரு தடவை, ஒரு பங்கு மண்ணை ஐந்து பங்கு மழைத்தண்ணியில் கலக்கி, தெளியவிட்டு மீட்டரை வைத்துப் பாருங்க. அந்த ரெண்டு எண்ணையும் தேதியோடு எழுதி வையுங்க. மூன்று வருசம் எழுதினால் உங்க மண் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.